நிலத்தடி நீர் மாசு: சட்டம் பயன்படுத்தும் சொற்களும் அவற்றின் பொருளும்

கிணற்று நீரின் நிறமோ சுவையோ மாறினால் 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று மக்கள் சொல்வர். ஆனால் சட்டம் அதனை அவ்வாறு ஒரே சொல்லில் அடக்குவதில்லை. அது தொழிற்சாலைக் கழிவால் நேர்ந்த மாசா, பாறைகளிலிருந்து இயற்கையாகக் கரைந்த தனிமமா, அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதன் விளைவா என்று பிரித்துப் பார்க்கிறது. எந்த அரசு அமைப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு உண்டா என்பன அந்தப் பிரிவைப் பொருத்தே முடிவாகின்றன. நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு தொடர்பான செய்திகளிலும் அரசு அறிவிக்கைகளிலும் அடிக்கடி இடம்பெறும் சொற்களின் விளக்கம் வருமாறு:

நீர்த்தாங்கியும் செறிவூட்டலும்

மண், மணல், பாறைப் பிளவுகள் ஆகியவற்றினிடையே நீரைத் தேக்கி, கிணறுகளுக்கு வழங்கக்கூடிய நிலத்தடி அடுக்கே நீர்த்தாங்கி எனப்படுகிறது. மேலே தடுப்பு அடுக்கு ஏதுமின்றி மழைநீர் நேரடியாக இறங்கக்கூடியது திறந்த நீர்த்தாங்கி. நீர் எளிதில் ஊடுருவாத களிமண் அல்லது பாறை அடுக்கின் கீழ் இருப்பது மூடிய நீர்த்தாங்கி. நிலத்தின் மேல் கொட்டப்படும் கழிவு முதலில் சென்றடைவது திறந்த நீர்த்தாங்கியையே. ஆழ்துளைக் கிணறு முறையாகக் காப்பிடப்படாவிட்டால், அதன் வழியே மேல் அடுக்கின் மாசு கீழ் அடுக்குக்கும் இறங்கிவிடும்.

மழை, ஆறு, ஏரி, பாசனக் கசிவு ஆகியவற்றால் நீர்த்தாங்கி மீண்டும் நிரம்புவதைச் செறிவூட்டல் என்பர். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டின் ஆண்டுச் செறிவூட்டல் 446.9 பில்லியன் கன மீட்டர். அதில் எடுக்கத்தக்கதாகக் கணக்கிடப்பட்டது 406.19 பில்லியன் கன மீட்டர். உண்மையில் எடுக்கப்பட்டது 245.64 பில்லியன் கன மீட்டர்.

எடுப்பு விகிதம்

எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதே எடுப்பு விகிதம். 2024இல் தேசிய அளவில் இது 60.47 விழுக்காடு. தாலுகா, வட்டாரம் போன்ற ஒவ்வொரு மதிப்பீட்டு அலகுக்கும் இந்த விகிதம் தனியே கணக்கிடப்படுகிறது. 70 விழுக்காடு வரை 'பாதுகாப்பானது', 70க்கு மேல் 90 வரை 'மிதமான அபாயம்', 90க்கு மேல் 100 வரை 'அபாயகரமானது', 100ஐத் தாண்டினால் 'அதிகமாக உறிஞ்சப்பட்டது' என வகைப்படுத்தப்படுகிறது. நீர் உவர்ப்பாக உள்ள அலகுகள் தனி வகையில் அடங்கும். 2024இல் மதிப்பிடப்பட்ட 6,746 அலகுகளில் 4,951 பாதுகாப்பானவை. 751 அதிகமாக உறிஞ்சப்பட்டவை.

இங்கு வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'பாதுகாப்பானது' என்னும் சொல் நீரின் அளவை மட்டுமே குறிக்கிறது. அதன் தரத்தைக் குறிப்பதன்று. பாதுகாப்பானது என வகைப்படுத்தப்பட்ட வட்டாரத்திலும் கிணற்று நீர் குடிக்கத் தகாததாக இருக்கக்கூடும்.

தடையில்லாச் சான்று

நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு மத்திய நிலத்தடி நீர் ஆணையம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997இல் இது அமைக்கப்பட்டது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் பல மாநிலங்கள் தமக்கெனத் தனிச் சட்டமும் ஆணையமும் கொண்டுள்ளன.

தொழிற்சாலை, சுரங்கம், கட்டுமானத் திட்டம் ஆகியவை நிலத்தடி நீரை எடுக்க இந்த ஆணையம் வழங்கும் அனுமதியே தடையில்லாச் சான்று. 2020 செப்டம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் தனிநபர் வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, ஊரகக் குடிநீர்த் திட்டங்கள், நாளொன்றுக்கு 10 கன மீட்டருக்குக் குறைவாக எடுக்கும் குறு, சிறு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு விலக்களித்தன. கழிவுநீரை, சுத்திகரித்ததாயினும், நீர்த்தாங்கிக்குள் செலுத்துவதற்கு அந்நெறிகள் தடை விதித்தன.

'மாசு' என்பது எது?

நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. நீரின் இயற்பியல், வேதியியல் அல்லது உயிரியல் பண்புகளை மாற்றி, பொதுச் சுகாதாரத்துக்கோ வீட்டு, தொழில், வேளாண் பயன்பாட்டுக்கோ விலங்கு, தாவர உயிர்களுக்கோ கேடு விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய நிலையை அது மாசு என வரையறுக்கிறது. 'விளைவிக்கக்கூடிய' என்னும் சொல் முக்கியமானது. கேடு நேர்ந்து முடியும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் வாரியத்துக்கு இல்லை என்பதே அதன் பொருள்.

இச்சட்டத்தில் 'நீரோட்டம்' என்னும் சொல்லுக்குள் ஆறும் கடலும் மட்டுமன்றி நிலத்தடி நீரும் அடங்கும். பிரிவு 24இன்படி நச்சுப் பொருளையோ மாசுபடுத்தும் பொருளையோ அறிந்தே நீரோட்டத்திலோ கிணற்றிலோ நிலத்தின் மீதோ விடுவது தடை செய்யப்பட்டுள்ளது.

2024ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இத்தடையை மீறுவோருக்கு முன்பிருந்த சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை வகுத்தது. ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு இத்திருத்தம் முதலில் பொருந்துவதாயிற்று.

இசைவாணை

கழிவுநீரை வெளியேற்றும் தொழிற்சாலையை நிறுவவும் இயக்கவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவை. தடையில்லாச் சான்று நீரை எடுப்பதற்கானது. இசைவாணை கழிவை விடுவதற்கானது. இரண்டையும் வெவ்வேறு அமைப்புகள் வழங்குகின்றன. ஒன்றைப் பெற்றிருப்பது மற்றொன்றைப் பெற்றதாகாது.

கழிவுநீரும் கசிவுநீரும்

வீட்டுக் கழிவுநீர் தவிர, தொழில் நடைபெறும் வளாகத்திலிருந்து வெளியேறும் திரவம், வாயு, திடப்பொருள் அனைத்தையும் சட்டம் தொழிற்கழிவாகக் கருதுகிறது. குவித்து வைக்கப்பட்ட குப்பை அல்லது கசடு வழியே மழைநீர் இறங்கி, அதிலுள்ள வேதிப்பொருள்களைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் செல்வது கசிவுநீர்.

குழாய், வாய்க்கால் என அடையாளம் காட்டத்தக்க இடத்திலிருந்து வருவது புள்ளி மூல மாசு. வயல்களில் இட்ட உரத்திலிருந்து நைட்ரேட் இறங்குவதைப் போலப் பரவலாக வருவது பரவல் மூல மாசு. பின்னதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது கடினம்.

தர வரம்பும் இயற்கைக் கலப்பும்

குடிநீருக்கான வரம்புகளை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரநிலை வகுக்கிறது. ஒரு லிட்டர் நீரில் புளூரைடு 1 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும். நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம், ஆர்செனிக்குக்கு 0.01 மில்லிகிராம்.

கங்கைச் சமவெளியில் மேற்கு வங்கம், பிகார் பகுதிகளில் காணப்படும் ஆர்செனிக்கும், ராஜஸ்தானிலும் தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் காணப்படும் புளூரைடும் பெரும்பாலும் மண், பாறைகளிலிருந்து கரைபவை. இது இயற்கைக் கலப்பு எனப்படுகிறது. இங்கே மாசுபடுத்தியவர் என ஒருவரைச் சுட்ட இயலாது. ஆகவே நோயைச் சுமக்கும் குடும்பங்கள் இழப்பீடு கோர எதிர்த்தரப்பு இல்லை. மாற்றுக் குடிநீர் வழங்கும் அரசின் கடமையே அவர்களுக்கு எஞ்சிய வழி.

மாசுபடுத்துபவர் ஈடுசெய்தல்

மாசை அகற்றும் செலவையும் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்பது இக்கோட்பாடு. இந்திய நீதிமன்ற வரலாற்றில் இது வேரூன்றக் காரணமானது ராஜஸ்தானின் உதயப்பூர் மாவட்டத்தில் உள்ள பிச்சிரி கிராமத்தின் வழக்கு. 1980களின் இறுதியில் அங்கு இயங்கிய ஆலைகள் சாயத் தொழிலுக்கான எச்-அமிலத்தை உற்பத்தி செய்தன. அவற்றின் நச்சுக் கசடு, சுமார் 2,400 டன், திறந்தவெளியில் கொட்டப்பட்டது. மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கிய நச்சால் கிணறுகள் குடிக்கவோ பாசனத்துக்கோ பயன்படாதவையாயின.

1989இல் தொடரப்பட்ட வழக்கில் 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலை நடத்துபவர், போதிய எச்சரிக்கையுடன் செயல்பட்டிருந்தாலும்கூட, விளைந்த கேட்டுக்கு முழுப் பொறுப்பாவார் என அத்தீர்ப்பு கூறியது. எனினும் தொகை வந்து சேரவில்லை. 37.385 கோடி ரூபாயை 1997 நவம்பர் முதல் 12 விழுக்காடு கூட்டு வட்டியுடன் செலுத்துமாறு 2011இல் நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. வழக்கு தொடுத்ததிலிருந்து அந்த உத்தரவு வரை 22 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முன்னெச்சரிக்கைக் கோட்பாடு

மீட்க இயலாத கேடு நேரும் அச்சம் இருப்பின், முழுமையான அறிவியல் சான்று இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இதன் சாரம். தமிழகத்தின் பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான 1996ஆம் ஆண்டு வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசடைந்த ஆற்றைப் போல நீர்த்தாங்கி விரைவில் தூய்மையடைவதில்லை என்பதால், நிலத்தடி நீருக்கு இக்கோட்பாடு மிகவும் பொருந்துகிறது.

பாதிக்கப்பட்டோர் அறிய வேண்டியவை

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010இன் பிரிவு 15இன் கீழ் இழப்பீடும் சுற்றுச்சூழல் மீட்பும் கோரலாம். அதற்கான கால வரம்பு, கோரிக்கைக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். தக்க காரணம் இருப்பின் மேலும் 60 நாள்கள் வழங்கப்படலாம்.

ஆலைக் கழிவின் மாதிரியைப் பொறுத்தவரை, வாரிய அதிகாரி சட்டம் விதித்த முறைப்படி எடுத்த மாதிரியின் ஆய்வு முடிவே நீர்ச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகளில் சான்றாக ஏற்கப்படும். எனவே தாமே புட்டியில் பிடித்து வைப்பதுடன் நில்லாமல், நீரில் மாற்றம் தெரிந்த நாளைக் குறித்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்து மூலம் புகார் அளித்து, முறையான மாதிரி எடுக்கக் கோருவது பயன் தரும்.