கண்மட்ட ஒளிப்படம்: சால்மன் பிடிக்கும் கரடிகள்

ஆற்றில் சால்மன் பிடிக்கும் காட்டுக் கரடியை, அதன் கண் இருக்கும் உயரத்திலிருந்தே பார்ப்பதுபோல எடுக்கப்படும் படம் கண்மட்ட ஒளிப்படம் எனப்படும். அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்கா, அதற்கு வடக்கே உள்ள மக்நீல் ஆற்றுச் சரணாலயம், ரஷ்யாவின் கம்சாத்காவிலுள்ள குரில் ஏரி ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். மூன்றிலும் இருப்பவை பழுப்புக் கரடிகள். தண்ணீரில் இறங்கி, கரடிக்கு அருகே மண்டியிட்டால்தான் இத்தகைய படம் வாய்க்கும் என்றொரு நம்பிக்கை ஒளிப்படக்காரர்களிடையே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. படத்தைக் கண்மட்டமாகக் காட்டுவது கேமராவின் சாய்வுக் கோணம். உயரம் மாறாதபோது, தூரம் கூடக்கூட அந்தக் கோணம் குறையும். ஆகவே எட்ட நிற்பவருக்கே கண்மட்டம் எளிதில் கிடைக்கிறது.

கரடியின் கண்ணைவிட 3 மீட்டர் உயரத்தில் கேமரா இருப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் பார்வை ஏறத்தாழ 17 பாகை கீழ்நோக்கிச் சாயும். கரடியின் முதுகும் பிடரியும்தான் படத்தை அடைக்கும். அதே உயரம், ஆனால் 45 மீட்டர் தூரம் என்றால் சாய்வு 4 பாகைக்கும் குறைவு. பின்னணியும் இதனால் மாறுகிறது. கரடியின் கண் நீருக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், முதல் நிலையில் பார்வைக்கோடு கரடிக்குப் பின்னால் மூன்று மீட்டர் சொச்சத்திலேயே தண்ணீரைத் தொட்டுவிடும். இரண்டாம் நிலையில் அது 15 மீட்டர் தள்ளித்தான் தொடும். அதற்குள் நுரையும் அலையும் ஃபோகஸிலிருந்து விலகி மங்கிவிடும். அவ்வளவு தூரத்தில் கரடி சிறுத்துப்போகாதா என்றால், போகாது. 600 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில், 45 மீட்டர் தூரத்தில் சுமார் 2.7 மீட்டர் அகலத்தைப் படம்பிடிக்கும். வளர்ந்த பழுப்புக் கரடியின் நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். சட்டகம் நிறைந்துவிடும்.

இந்தக் கணக்கில் கரடி மீன் பிடிக்கும் முறைக்கும் பங்குண்டு. காட்மாயின் புரூக்ஸ் அருவி வெறும் 1.8 மீட்டர் உயரம்தான். சாக்கை சால்மன்கள் மேலேறித் துள்ளும் ஜூலையில், சில கரடிகள் அருவியின் விளிம்பில் நின்று, எகிறி வரும் மீனை வாயால் கவ்வுகின்றன. சில அருவிக்கடியில் சுழலும் நீரில் உட்கார்ந்து, மேலே மோதும் மீனைக் காலால் அமுக்குகின்றன. வேறு சில தலையை நீரில் அமிழ்த்தித் தேடுகின்றன. அடுத்தவன் பிடித்ததைப் பறித்துத் தின்னும் தடியர்களும் உண்டு. விளிம்பில் நிற்கும் கரடியை அருவியே உயர்த்திக் கொடுக்கிறது. 1988இல் தாமஸ் மாங்கெல்சன் எடுத்த ‘கேட்ச் ஆஃப் த டே’ படத்தில், திறந்த வாய்க்கு நேரே மீன் அந்தரத்தில் நிற்கிறது. இவ்வகைப் படங்களில் உலகெங்கும் அறியப்பட்டது அதுதான். அவர் ஆற்றில் இறங்கவில்லை. பார்வையாளர் மேடையிலிருந்து, முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்து எடுத்தார். ஃபிலிம் காலம் அது. கிடைத்தது என்னவென்பது ஃபிலிமைக் கழுவிய பிறகே தெரிந்தது.

தூரம் கூடினால் காற்றின் அலைவு படத்தைக் குழப்பும் என்பது முதல் ஆட்சேபம். வெயில் ஏறிய நேரத்தில் அது உண்மை. ஆனால் அந்தக் கரையோரத்தில் கோடையிலும் மேகமூட்டமே மிகுதி. காலையில் அலைவும் குறைவு. இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. அருகிலிருந்து அகலக்கோண லென்ஸில் எடுத்தால் கரடியும் ஆறும் மலையும் ஒருசேர விரியும் அந்த நெருக்கத்தை டெலிபோட்டோ தராது. தராதுதான். ஆனால் அந்தப் படத்தில் மூக்கு பெருத்து, உடல் சுருங்கி, கரடி பூதாகாரமாகத் தெரியும். அதை வேறொரு வகைப் படம் என்று ஏற்கலாமே தவிர, கண்மட்டத்தின் உயர்ந்த வடிவம் என்று கொள்ள முடியாது.

மக்நீலில் கரடிகள் மனிதர்களுக்குச் சில மீட்டர் அருகிலேயே வந்து போகின்றனவே, மற்ற இடங்களில் ஏன் கூடாது என்றும் கேட்கலாம். அங்கே நாளொன்றுக்குப் பத்துப் பேர் மட்டுமே, குலுக்கலில் அனுமதி பெற்று, காவலருடன் போகிறார்கள். ஒரே இடத்தில் நிற்கிறார்கள். உணவு கரடியின் கைக்கு எட்டுவதே இல்லை. மனிதர் எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்பது கரடிக்குத் தெரிந்திருக்கிறது. நெருங்குவது கரடியின் விருப்பம். ஒளிப்படக்காரர் தானாக நெருங்கினால் அந்த ஏற்பாடு குலைகிறது. காட்மாயின் விதி இதை நன்றாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது: மேடைக்கு வெளியே கரடியை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், அணுகக் கூடாது, சால்மன் கூடும் இடத்தில் மேயும் கரடி அதைவிட அருகே வந்தால் மனிதர்தான் நகர வேண்டும். குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கும் விலங்குக்கு, மனிதர் நெருங்குவதால் கோடையில் கைவிட நேரும் மீன்பிடி நேரம் சிறிய நஷ்டமன்று. 1996இல் குரில் ஏரியில் ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் மிச்சியோ ஹோஷினோ கரடியால் கொல்லப்பட்டதை இந்த விவாதத்தில் பலரும் இழுக்கிறார்கள். அவர் கூடாரத்தில் இருந்தபோது நடந்தது அது. லென்ஸின் தூரத்தைப் பற்றி அது எதையும் நிறுவவில்லை; மனிதரின் உணவைத் தேடிப் பழகிய கரடி எவ்வளவு ஆபத்தானது என்பதையே காட்டுகிறது.

இந்தக் கோணக் கணக்கு பயண மாதத்தையும் முடிவு செய்துவிடுகிறது. செப்டம்பரில் புரூக்ஸ் கரடிகள் கீழாற்றுக்கு இறங்கி, முட்டையிட்டுச் சாகும் மீன்களை நீந்தித் தேடுகின்றன. தலை மட்டும் நீருக்கு மேலே தெரியும்; கண் தாழ்ந்துபோவதால் மேடையிலிருந்து சாய்வு கூடிவிடும். கொழுத்த கரடிகளைப் பார்க்க அது நல்ல மாதம். மேடையிலிருந்து கண்மட்டப் படம் வேண்டுபவர் ஜூலையில்தான் போக வேண்டும். அருவி மேடையில் ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குத்தான் இடம், நெரிசலான நாளில் ஆளுக்கு ஒரு மணி நேரம்.