ராணி இருந்தும் திணறிய சாம்பியன்

சதுரங்கத்தின் பழைய வடிவத்தில் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் அமைச்சர். குறுக்காக ஒரு கட்டம் நகர்வதோடு அவருடைய பலம் தீர்ந்துவிடும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஸ்பெயினில்தான் பெரும்பாலும், அந்தக் காய் எல்லாத் திசையிலும் பாயும் ராணியாகிவிட்டது. எதிரியிடம் வெறும் ராஜாதான் மிச்சம் என்றால், தன் ராஜாவின் துணையோடு ராணி அதிகபட்சம் 10 நகர்த்தலில் ‘மேட்’ சொல்லிவிடும்.

எதிரியிடம் ஒரு யானையும் இருந்தால்? அங்கேதான் வேடிக்கை.

யானையை ராஜாவோடு ஒட்டி வை, பிரிந்தால் போச்சு என்பதே பழைய பாடம். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அந்த நிலைகள் அத்தனையையும் கணினியில் அலசினார். எவ்வளவு கடினமான நிலையானாலும் யானையை வெட்டவோ ‘மேட்’ சொல்லவோ ராணிக்கு 31 நகர்த்தல் போதும் என்று தெரிந்தது. 1978இல் அமெரிக்க சாம்பியன் வால்டர் பிரவுன் 100 டாலர் பந்தயம் கட்டி, தாம்சனின் கணினிக்கு எதிரே ராணியோடு உட்கார்ந்தார். இயந்திரமோ பாடத்தைக் கண்டுகொள்ளாமல் யானையைத் துணிந்து தள்ளி நிறுத்தியது. 50 நகர்த்தலுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதிப்படி அவரால் வெல்ல முடியவில்லை; பணமும் போனது.

மனிதர் விடவில்லை. நன்றாகப் படித்துவிட்டு மறுபடி வந்தார். சரியாக 50ஆவது நகர்த்தலில் யானையை வெட்டினார்.