கழுநீர்த் தொட்டியும் எரிவாயுக் கலனும்

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று அடங்கிவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் என்னும் ஊராக விளங்கியதையும், அவன்மேல் பாடப்பெற்ற சிறுபாணாற்றுப்படை, பரிசில் நாடிச் செல்லும் பாணர்க்கு வழிநெடுகக் கிடைக்கும் உணவுகளை ஊர்தோறும் எடுத்துரைப்பதையும் தமிழ் கற்றோர் நன்கறிவர். ஆமூரின் வெண்சோற்றையும் நண்டுக் கலவையையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அந்நூல் அடுப்பெரித்த விறகைப் பற்றியும் சொல்லியிருக்கிறது என்பதை ஏனோ அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மரக்காணத்தோடு ஒன்றாகக் கருதப்படும் எயிற்பட்டினத்தில், கடலலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரத்தைக்கொண்டு நுளையர் மகள் தீமூட்டினாள் என்று அந்நூல் கூறுகிறது. அலை கொண்டுவந்து தந்த விறகால் சமைத்த அதே நாட்டில், பிற்காலத்தில் மாட்டுச் சாணத்தை உலர்த்தி எரிக்கும் நிலை எவ்வாறு வந்தது, அச்சாணத்திலிருந்தும் பின்னர் எஞ்சிய சோற்றிலிருந்தும் நெருப்பை வாயுவாகப் பிரித்தெடுக்கும் வித்தை எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இங்கே நாம் காணப்புகும் சரித்திரம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கிராமங்களில், சென்ற தலைமுறை வரையில், எஞ்சிய உணவைக் குப்பை என்று எவரும் எண்ணியதில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு கழுநீர்த் தொட்டி இருக்கும். அரிசி களைந்த நீர், சோறு வடித்த கஞ்சி, கத்தரிக்காய்க் காம்பு, பூசணித் தோல், வாழைப்பழத் தோல், இரவில் மிஞ்சிய கேழ்வரகுக் கூழ் ஆகிய யாவும் அதில் போய்ச் சேரும். அதனுடன் பிடி தவிடும், கைவசமிருந்தால் ஊறவைத்த மணிலா (நிலக்கடலை)ப் பிண்ணாக்கும் கலந்து, மாலையில் கழனித்தண்ணி என்று பசுவுக்குக் காட்டுவார்கள். பசு அதைப் பாலாகவும் சாணமாகவும் திருப்பித் தந்தது. ஆனால் சாணம் தொழுவத்தை விட்டு வெளியேறும் இடத்தில்தான், இல்லத்தரசிக்கும் உழவனுக்கும் இடையே ஓயாத ஒரு வழக்கு இருந்துவந்தது. எருக்குழிக்குப் போனால் அது நிலத்துக்கு உரம். வறட்டியாகத் தட்டப்பட்டால் அடுப்புக்கு இரை. இரண்டும் ஏககாலத்தில் நடவாது. உமியும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, மண்சுவரில் ஓங்கி அறைந்து, ஐந்து விரலும் பதியத் தட்டிய வறட்டிகள், மறுபுறம் காயத் திருப்பிப் போடப்பட்டு, மழைக்குமுன் கூரைக்கு அடியில் அடுக்கப்பட்ட காட்சியை இம்மாவட்டத்துப் பெரியவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அவ்வடுக்கில் இருந்தது வயலுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து.

சாணத்தை அடுப்புக்கு இழுத்த விறகுப் பஞ்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவிரமாயிற்று. தென்னார்க்காடு மாவட்டத்தில் மணிலாக்கொட்டைச் சாகுபடி பெருகி, அதன் பருப்பு புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய காலம் அது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அவ்வியாபாரம் பன்மடங்கு விருத்தியடைந்தது. மேய்ச்சல் தரையும் புதர்க்காடும் மணிலா நிலங்களாக மாறின. ஆதிகாலத்து ரயில் எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடியவை. அவற்றுக்கும், பெருகிவந்த சென்னப்பட்டணத்து அடுப்புகளுக்குமாகச் சோழமண்டலக் கரையோர மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. அவ்விறகு காசுக்கு விற்பதற்கென்று வளர்க்கப்பட்டது. வளர்த்தவனுடைய அண்டை வீட்டுக் குடியானவனுக்கு அது எட்டவில்லை. அவனுக்கு எட்டியது தொழுவத்துச் சாணமே.

இதனைத் தெளிவாகக் கண்டுகொண்டவர்களில் ஒருவர், 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆங்கில விவசாய ரசாயன நிபுணர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். தேசமெங்கும் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கை 1893-இல் வெளிவந்தது. சாணத்தை எரிப்பது குடியானவனின் அறியாமை என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் இகழ்ந்துகொண்டிருக்க, வேறு விறகு கிடைக்காமையே காரணம், விறகு கொடுத்தால் சாணம் தானே வயலுக்குப் போகும் என்று அவர் வாதித்தார். கிராமங்களுக்கருகே விறகுக்கும் தீவனத்துக்குமாகக் காடு வளர்க்கவும் யோசனை கூறினார். அவருடைய நியாயம் சரியானதே. எனினும் சாணத்தை எரித்துக்கொண்டே வயலுக்கும் இடலாம் என்னும் மூன்றாவது மார்க்கம் அவர் காலத்தில் நம் கிராமங்களை எட்டியிருக்கவில்லை.

அம்மார்க்கத்துக்குரிய விஞ்ஞானம் மட்டும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இத்தாலியில் மஜியோரே ஏரியின் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழ்களைச் சேகரித்து, அவை எரிவதை 1776-இல் வோல்டா கண்டறிந்தார். காற்றுப் புகாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உயிர்ப்பொருளைச் சிதைத்து வெளியிடும் அவ்வாயுவே மீத்தேன். இந்தியாவில் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், மனிதக் கழிவிலிருந்து இவ்வாயுவை எடுத்து உபயோகிக்கும் ஏற்பாடு 1897-லேயே அமைந்தது. 1930-களின் இறுதியில் டில்லியிலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தைக்கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். அவற்றைக் கிராமத்துக்குரிய சாதனமாக்கியவர் ஜஷ்பாய் படேல். 1950-களில் அவர் வகுத்த ‘கிராமலட்சுமி’ என்னும் அமைப்பைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஏற்றுத் தேசமெங்கும் பரப்பியது.

அவ்வமைப்பு எளிமையானது, ஆனால் சிந்தனையில் ஆழமானது. நிலத்தில் கிணறுபோல் ஒரு செங்கல் குழி. அதன்மேல் வாய் கவிழ்த்த இரும்புத் தொப்பி. சாணமும் நீரும் சம அளவாகக் கரைத்து, வைக்கோலையும் கல்லையும் கையால் அரித்தெடுத்தபின், குழாய் வழியே குழிக்குள் விடுவார்கள். உள்ளே வாயு ஊற ஊறத் தொப்பி நடுக்குழாயைப் பற்றிக்கொண்டு மெல்ல மேலெழும்; சமையல் முடிந்ததும் தாழும். எவ்வளவு வாயு இருக்கிறதென்பதை வீட்டுப் பெண்கள் தொப்பியின் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயுவைத் தரும். ஒரு கனமீட்டர் வாயு மூன்றரைக் கிலோ விறகுக்கு ஈடு. வடநாட்டின் குளிர்ப் பிரதேசங்களில் சாணக் கரைசல் குழிக்குள் 55 நாள் தங்கவேண்டியிருக்க, தமிழ்நாட்டின் வெப்பத்தில் 30 நாளே போதுமென்று கணக்கிட்டார்கள். தென்னார்க்காட்டு வெயில் உபகாரமாக அமைந்த சில காரியங்களில் இதுவும் ஒன்று. எரிந்தது கரியும் நீரகமும் சேர்ந்த வாயு மாத்திரமே. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து கரைசலில் தங்கி மறுபுறம் வழிந்தது. வெகுகாலம் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்ற அடுப்பும் வயலும் ஒரே சாணத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது இவ்விதமே. வறட்டிப் புகையில் கண்ணெரிந்த பெண்களுக்கு நீலச்சுடர் அளித்த விடுதலையை எத்தனை பெரிதென்று சொன்னாலும் மிகையாகாது.

தஞ்சையில் 1892-இல் பிறந்து, காந்தியடிகளின் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தி, இறுதிக்காலத்தை தே.கல்லுப்பட்டியில் கழித்த ஜே.சி. குமரப்பா, நிலக்கரியும் பெட்ரோலியமும் என்றைக்கேனும் வற்றும் தேக்கங்கள் என்றும், ஆண்டுதோறும் இயற்கை புதுப்பித்துத் தருவதே நிலைக்கும் செல்வமென்றும் 1945-இல் தம் நூலில் எழுதியிருந்தார். 1973-இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது அந்த வாக்கின் பொருளை அரசாங்கங்களும் உணர்ந்தன. சாண எரிவாயுவுக்கென்று தேசியத் திட்டம் 1981-82-இல் தொடங்கிற்று. இரும்புத் தொப்பியின் விலையும் துருவும் ஏழைக்குச் சுமையாயிருந்தமையால், தொப்பியே இல்லாத செங்கல் குவிமாட அமைப்புகள் தோன்றின: 1978-இல் ஜனதா, 1984-இல் தீனபந்து. சென்னையில் சி.வி. சேஷாத்ரி தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராமத்துக்கேற்ற உயிர்த்தொழில்நுட்பங்களில் ஈடுபட்டது. அப்போது தென்னார்க்காட்டிலும் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் சேர்ந்த ஆரோவில்லில், 1984-இல் ஏற்பட்ட விஞ்ஞான ஆராய்ச்சி மையம் கம்பிவலையையும் சிமெண்டையும் கொண்டு மெல்லிய சுவர் எழுப்பும் ஃபெரோசிமெண்ட் முறையை எரிவாயுக் கலன்களுக்கும் கையாண்டது. கடற்காற்று இரும்பை அரிக்கும் கரையோரத்துக்கு அம்முறை மிகப் பொருத்தமானது.

இத்தனை முயற்சிக்கும் பிறகு, கிராமத்துக் கலன்கள் பல வறண்டுபோயின. உழவுமாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது, தொழுவங்கள் காலியாயின, சாணம் கரைக்க ஆள் கிடைக்கவில்லை, இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும் சிலிண்டரும் குடிசை வரை சென்றன. அவை பெண்களுக்குச் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆயினும் பசு போனதோடு கழுநீர்த் தொட்டியும் போயிற்று என்பதையும், அதன்பின்புதான் எஞ்சிய சோறு முதன்முதலாகப் புகலற்ற பொருளாயிற்று என்பதையும் எவரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை வரிசையிட்ட உணவுக்கடைகளிலும், விழுப்புரம், திண்டிவனம் நகரங்களின் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சிய சாம்பாரும் சாதமும் இலையோடு சேர்ந்து பிளாஸ்டிக் பைகளில் கட்டப்பட்டு ஊருக்கு வெளியே அழுகின. கோடைகாலத்தில் திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்ப்பூசணி சாலையோரமெங்கும் குவிந்து விற்கும். அதன் தோலும் அவ்வாறே. குவியலின் அடியில் காற்றில்லாத இடத்தில் அதே மீத்தேன் உண்டாகி, எவர் அடுப்பிலும் எரியாமல் ஆகாயத்தில் கலந்து, கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையாகப் பூமியைச் சூடேற்றுகிறது.

எஞ்சிய உணவையே நேராகக் கலனுக்குள் இடலாம் என்ற யோசனைக்கு உருக்கொடுத்தவற்றில் முக்கியமானது, புனேயில் ஆனந்த் கார்வே நடத்திய கிராமத் தொழில்நுட்ப நிறுவனம். அதன் வீட்டுக் கலனுக்கு 2006-இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. அதன் தத்துவம் நேரானது. தீவனத்திலுள்ள சக்தியில் பெரும்பகுதியைப் பசு தன் உடலுக்கு எடுத்துக்கொண்ட பின்பு மிஞ்சுவதே சாணம். சோற்றிலோ சக்தி முழுவதும் இன்னும் இருக்கிறது. ஆகவே கிலோவுக்குக் கிலோ சோறு பன்மடங்கு வாயு தரும். பெரிய அளவில், சென்னைக் கோயம்பேடு மொத்த விற்பனை அங்காடியில், நாளொன்றுக்கு 30 டன் காய்கனிக் கழிவை ஏற்று மின்சாரம் எடுக்கும் நிலையம் 2005-இல் அமைக்கப்பட்டது.

ஆனால் சோறு சாணத்தைப்போல் சாதுவானதன்று. மாவுப்பொருள் விரைவில் அமிலமாகிவிடும். அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களோ நிதானமாகப் பெருகுபவை. ஆசைப்பட்டு ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் கலன் புளித்துப்போய், வாயு நின்று, துர்நாற்றம் வீசும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் அவ்வுயிர்களைத் தடுக்கும். முட்டை ஓடும் எலும்பும் அடியில் படியும். வாழைத்தண்டு நார் எளிதில் கரையாது. கல்யாண மண்டபத்துக்கு இது பெரும் சங்கடம்: முகூர்த்த நாளில் மலைபோல் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றுமிராது. அன்றாடம் ஒரே அளவில் சமைக்கும் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அன்னதானக் கூடங்களுக்குமே இது இயல்பாகப் பொருந்துகிறது.

அதிகமாகக் குப்பை உண்டாக்கும் இடங்கள் தங்கள் ஈரக் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டுமென்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. அவ்விதிக்கிணங்கக் கலன் வைப்போரிற் பலர் வாயுவையும் மின்சாரத்தையும் கணக்கிடுகிறார்கள். மறுபுறம் வழியும் கரைசலைச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதுவே இக்காரியத்தின் பெருங்குறை. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்னும் பெயரோடு தேசமெங்கும் அனுப்பிய மணிலா ரகங்கள் விளைந்த செம்மண் காடுகள் உயிர்ப்பொருள் குறைந்து இறுகிக் கிடக்கையில், நகரத்துக் கரைசல் பத்து மைல் தொலைவிலுள்ள வயலுக்குப் போய்ச் சேர ஒரு டேங்கர் வண்டி போதும். அவ்வாறு வாங்கிக்கொள்ள இசையும் குடியானவரை முன்பே கண்டு பேசிவிடுவது, கலன் வாங்குவதற்கு முந்திய வேலையாக இருக்கவேண்டும். அவரிடம் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்: புதிய கலனில் முதல் நாளே சோற்றைக் கொட்டமுடியாது, மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்காகச் சாணத்தைக் கரைத்து நிரப்பி, சில வாரம் பொறுத்து, வாயு நன்றாக எரியத் தொடங்கிய பின்பே சமையலறைக் கழிவைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும்.