செக்குபந்தியில் இருந்த தண்ணீர்

போன மாசம் சென்னையில் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன் பண்ணார். "அண்ணே, வந்தவாசி பக்கம் ஒரு மனை பார்த்திருக்கேன். வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. வாங்கலாமா?" என்றார்.

"மழைக்குத் தண்ணி நிக்குமான்னு கேட்டீங்களா?"

"அது வில்லங்கத்துல வராதாண்ணே?"

வராது. ஏன் வராதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. இதுல என்னோட தப்பு ஒண்ணும் இருக்கு.

எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில தாத்தா காலத்துக் கிரையப் பத்திரம் ஒண்ணு இருக்கு. அதுல நிலத்தோட நாலு எல்லையைச் சொல்ற செக்குபந்தி இப்படிப் போகும்: ஏரிக் கோடிக்கால்வாய்க்கு மேற்கு, மடுவுக் கழனிக்கு வடக்கு. ஏரி நிரம்பி வழியறதை எங்க பக்கம் 'கோடி போகுது'ன்னு சொல்லுவோம். அந்தத் தண்ணி ஓடற வழி கோடிக்கால்வாய். மடுவுன்னா தண்ணி தேங்கற பள்ளம். அந்த ரெண்டு வரியைப் படிச்சா போதும், அந்த இடத்துல நெல்லு வைக்கலாம், வீடு கட்டக்கூடாதுன்னு புரிஞ்சிடும். விக்கிறவர் தனியா வாயைத் திறந்து சொல்லவே வேணாம்.

இது எங்க வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. இந்தச் சீமையே ஏரியை நம்பின சீமை. பக்கத்துல உத்திரமேரூர்ல, பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷக் கல்வெட்டுகள்ல குடவோலை முறை பத்தி எழுதியிருக்கறது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடவோலையில தேர்ந்தெடுத்த வாரியங்கள்ல ஏரி வாரியமும் ஒண்ணு. ஏரியைப் பார்த்துக்க ஊரே ஆள் போட்டிருக்கு.

வெள்ளைக்காரன் காலத்துல நிலத்தை அளந்து சர்வே எண் போட்டாங்க. கணக்குக்கு அது நல்லதுதான். அ-பதிவேட்டுல நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு பரப்பு, மண்ணு என்ன தரம், தீர்வை எவ்வளவு எல்லாம் ஏறிச்சு. ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குன்னும் தனியா எழுதினாங்க. ஆனா பட்டா நிலத்துல மழைக்குத் தண்ணி நிக்குமான்னு எழுத ஒரு கட்டம் இல்லை. அதை ஊரு வாயும் செக்குபந்தியும்தான் சுமந்துகிட்டு இருந்துச்சு.

இப்ப என் கதைக்கு வரேன். 2009ல பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்துச்சு. அந்தக் கழனியில 60 சென்ட்டை மனை போடறவர் ஒருத்தருக்கு வித்தேன். அவர் கிராவல் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, ஒரு நகர்னு பேர் வச்சு வித்தார். அந்த மனைப் பத்திரங்கள்ல செக்குபந்தி என்ன தெரியுமா? மனை எண் 7க்கு மேற்கு, 20 அடி ரோட்டுக்கு வடக்கு. கோடிக்கால்வாயும் இல்லை, மடுவும் இல்லை. தண்ணி காகிதத்துல இருந்து காணாமப் போச்சு. நிலத்துல இருந்து போகலை.

2015 நவம்பர்ல ஏரி கோடி போச்சு. அங்க வீடு கட்டியிருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் முழங்கால் தண்ணியில நின்னுகிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்க, உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். "யாரும் கேக்கலையே சார்"னு சொன்னேன். அந்தப் பதில் இன்னைக்கும் எனக்கே கசக்குது.

அப்புறம்தான் ஒரு வக்கீல் சொல்லித் தெரிஞ்சது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவு. வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா, அதை அவர் சொல்லியாகணும். வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், சொல்லாம மறைச்சா மோசடி. வாங்கறவர் கேட்டாத்தான்னு அதுல இல்லை. சித்திரையில காஞ்சு கிடக்கற இடத்தைப் பார்த்து ஐப்பசித் தண்ணியை வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனா வில்லங்கச் சான்றுல கிரையம், அடமானம் மாதிரி பதிவான விஷயந்தான் வரும். மழை எந்த ஆபீஸ்லயும் தன்னைப் பதிஞ்சுக்கறதில்லை.

சென்னைக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. தி.நகர் 1920கள்ல உருவானது பழைய பெரிய ஏரியைத் தூர்த்துத்தான். 1976ல திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகைதான். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, பார்க்கறதுக்கு லேக் இல்லை. பழவந்தாங்கல்ல இருக்கற தாங்கலுக்கு அர்த்தமே சின்ன ஏரி. பேரே எச்சரிக்கை பண்ணுது, பத்திரந்தான் பேசறதில்லை. 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கினப்போ எத்தனை பேர் அந்த வாத்தியார் கேட்ட கேள்வியைக் கேட்டிருப்பாங்க!

2016 செப்டம்பர்ல அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அது பெரிய திருப்பம். ஆனாலும் விக்கிறவர் வெள்ளத்தைப் பத்தி எழுதிக் கொடுக்கணும்னு வழக்கம் வரலை. ஜப்பான்ல 2020 ஆகஸ்ட்ல இருந்து வெள்ள வரைபடத்துல அந்த வீடு எங்க இருக்குன்னு தரகர் காட்டி விளக்கியே ஆகணும். கலிபோர்னியாவுல 1998ல இருந்தே வெள்ள அபாயப் பகுதியான்னு எழுதிக் கொடுக்கணும். நமக்கும் பத்திரத்துல ஒரே ஒரு வரி போதும்: கடைசியா எந்த வருஷம், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நின்னுது.

அது வர்ற வரைக்கும், தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். மனைப் பத்திரத்தோட நிக்காதீங்க, மூலப்பத்திரத்தை வாங்கிச் செக்குபந்தியைப் படிங்க. புலப்படத்துல ஓடை, வாய்க்கால் பக்கத்துல போகுதான்னு பாருங்க. ஏரியை ஒட்டின மனைன்னா நீர்வளத் துறையோட தடையின்மைச் சான்றைக் கேளுங்க. இடத்தை ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க. ஏரி மதகு திறக்கறவரை ஒரு டீக்கடையில உட்கார வச்சுக் கேளுங்க.

எங்ககிட்ட அந்தக் கழனியில இன்னும் 40 சென்ட் மிச்சம் இருக்கு. விலை கேட்டு வர்றாங்க. தாத்தா பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். முதல்ல அதைத்தான் நீட்டறேன். ரெண்டு பேர் படிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. இந்த வருஷமும் அங்க நெல்லுதான்.