குடும்ப அட்டையில் இடம்பெறாதவர்கள்

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளையும் தமிழகத்தின் நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளையும் ஒரே காலைப்பொழுதில் அழித்துச் சென்றது. அதன்பின் நிவாரணம் வந்தது. அரிசியும் உடையும் உதவித்தொகையும் தற்காலிகக் கொட்டகைகளும் பெரும்பாலும் குடும்பத்தை அலகாகக் கொண்டே வழங்கப்பட்டன. அப்பொழுது அரவாணிகள் என அழைக்கப்பட்ட திருநங்கையருள் பலருக்கு இவை கிடைக்கவில்லை. பின்னர் அக்கரைகளுக்குச் சென்ற ஆய்வாளர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர். அவர்களிடம் குடும்ப அட்டை இருக்கவில்லை. ஆண், பெண் என்ற இரு பிரிவுகளில் தயாரிக்கப்பட்ட பட்டியல்களில் அவர்களுக்கெனத் தனி இடமும் இருக்கவில்லை. அலை எல்லோரையும் ஒன்றாகவே அடித்தது. பட்டியலோ அவர்களை விட்டுவிட்டது.

இதனை அதிகாரி ஒருவரின் கல்நெஞ்சம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. நமது நாடுகளின் சமூக சேவைகள் அனைத்தும் குடும்பம் என்ற அத்திவாரத்தின் மீது கட்டப்பட்டவை. பங்கீட்டு அட்டை குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கும். வைத்தியசாலையில் கையொப்பமிட உறவினர் வேண்டும். பாடசாலையில் சேர்க்கப் பெற்றோர் வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில் வீட்டிலிருந்து விரட்டப்படும் ஒரு பிள்ளை, தாய் தந்தையரை மட்டுமன்றி இந்த ஆவணங்கள் அனைத்தையும் இழந்துவிடுகிறது. தன்பாலினத்தவரை நேசிப்பதால் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணின் நிலையும் இதுவே. பாலியல் சிறுபான்மையினருக்கான நலச்சேவை எவ்வாறு அமைய வேண்டும் என்ற வினா இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அரசு இவர்களைப் பதிவேட்டில் எழுதிய பழைய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1871 ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட இந்தியாவின் ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது. சந்தேகத்துக்குரியோர் எனக் கருதப்பட்டவர்களின் பெயர்களும் வசிப்பிடங்களும் பதிவு செய்யப்பட்டன. பதிவு செய்யப்பட்டவர் சிறுவர்க்குப் பாதுகாவலராகவோ, பிள்ளையைத் தத்தெடுக்கவோ, மரண சாசனம் எழுதவோ முடியாது. அஃதாவது குடும்பமாக வாழும் வழிகள் ஒவ்வொன்றும் அடைக்கப்பட்டன. அதற்கு முன்னரே, 1860 இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்தது. 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அதே வழியில் 365, 365அ ஆகிய பிரிவுகளைப் பெற்றது. பொலிஸ் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும் என்று அஞ்சிய சமூகம், பிற்காலத்தில் நலன்புரிப் பதிவேட்டைக் கண்டும் தயங்கியதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கத்தை ஓரளவு மாற்றிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. முதலமைச்சர் மு. கருணாநிதியின் ஆட்சியில், 2008 ஏப்ரல் 15 ஆம் திகதி அரவாணிகள் நலவாரியம் அமைக்கப்பட்டது. இந்திய மாநிலங்களில் இத்தகைய வாரியம் அமைந்தது அதுவே முதன்முறை. அடையாள அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வசதி, தொழிற்கடன், அரசு வைத்தியசாலைகளில் பால்மாற்றுச் சத்திரசிகிச்சை ஆகியவை திட்டங்களாயின. திருநங்கையரே அதன் உறுப்பினர்களாக நியமிக்கப்பட்டனர் என்பது இங்கு முக்கியமானது. தனித்து வாழும் ஒருவர் தம் பெயரிலேயே குடும்ப அட்டை பெறலாம் என்ற நிலை, மேடைப் பேச்சுகள் பலவற்றைவிடப் பெரிய மாற்றமாகும். எனினும் குறைகளும் இருந்தன. கூவாகம் கூத்தாண்டவர் விழாவையும் அரவானின் கதையையும் ஒட்டி எழுந்த அந்தப் பெயரே பெண்ணாக வாழ்வோரை மட்டும் சுட்டிற்று. திருநம்பியர், அதாவது பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோர், நெடுங்காலம் வாரியத்தின் கண்ணில் அதிகம் படவில்லை.

விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டம் ஒருவரின் வாழ்வை எவ்வாறு மறிக்கும் என்பதற்குச் சேலத்தைச் சேர்ந்த கே. பிரித்திகா யாசினியின் வழக்கு சான்றாகும். பொலிஸ் உதவி ஆய்வாளர் பதவிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் பாலினத்தவருக்கு அதில் இடமில்லை என்பதே காரணம். அவர் நீதிமன்றம் சென்றார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017 இல் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். இதற்கு வழி திறந்தது 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை உடையவர் என்றும், அதற்குச் சத்திரசிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. தமிழகத்தில் வாரியம் அமைந்த அதே ஏப்ரல் 15 இல் அது வந்தமை ஓர் ஒற்றுமை.

சேவை நிலையங்களுக்கான நெறிமுறைகளை விரிவாக வகுத்தது 2021 ஜூன் 7 ஆம் திகதித் தீர்ப்பே. ஒருவரையொருவர் விரும்பிய இரு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, தொண்டு நிறுவனம் ஒன்றின் உதவியுடன் தங்கியிருந்தனர். பெற்றோர் அவர்களைக் காணவில்லை என முறையிட, பொலிசார் தேடத் தொடங்கினர். பாதுகாப்புக் கோரி அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தைத் தாம் முழுமையாக விளங்கிக்கொள்ளவில்லை என வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் சென்று அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பு எழுதினார். வயது வந்தோர் தம் விருப்பத்தில் சேர்ந்திருப்பது தெரிந்தால் முறைப்பாட்டை முடித்துவிட வேண்டும். குறுகிய காலத் தங்குமிடங்கள் இவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சைகள் தடுக்கப்பட வேண்டும். பொலிசார், சிறை அலுவலர், மருத்துவர், ஆசிரியர் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என அவர் பணித்தார். 2022 இல் தமிழக அரசு பொலிசாரின் நடத்தை விதிகளில் இவர்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான விதியைச் சேர்த்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றும் அரசிதழில் வெளியாயிற்று. மரியாதையான சொல் இல்லாத மொழியில் மரியாதையான சேவை நடவாது.

குடும்பம் என்ற அத்திவாரக் கேள்விக்கு வருவோம். 2023 ஒக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆயினும் இணையர்களின் அன்றாட உரிமைகளை ஆராயக் குழு அமைப்பதாக மத்திய அரசு அளித்த உறுதியை அது பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக, 2024 இல், ஒரே வீட்டில் வாழும் இணையர்களைக் குடும்ப அட்டைக்காக ஒரு குடும்பமாகக் கருதுமாறு மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதிற்று. கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என நிதிச் சேவைகள் துறை தெளிவுபடுத்தியது. 2025 மே மாதத்தில், பெற்றோரால் தடுத்து வைக்கப்பட்டிருந்த இளம்பெண் ஒருவரை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பத்தை அமைக்கும் வழியன்று எனக் கூறிற்று. 2004 இல் நிவாரண வரிசையில் மறுக்கப்பட்டது, இருபது ஆண்டுகளின் பின் தாளிலாவது ஏற்கப்பட்டது.

இலங்கையில் நிலை வேறு. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவை நீக்கவில்லை. மாறாக, ஆண்களை மட்டும் சுட்டிய அதனைப் பெண்களுக்கும் விரித்தது. 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம், மருத்துவச் சான்றின் பேரில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்தும் வழியைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில், நாட்டின் அதியுயர் மன்றமாகிய உயர் நீதிமன்றம், இவ்விடயத்தில் உலகின் சிந்தனை மாறியுள்ளதை ஏற்றுக்கொண்டு, இரு ஆண்களின் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது, குற்றத்தீர்ப்போ நிலைத்தது. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என அம்மன்றம் தீர்மானித்தது. 2024 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அச்சட்டமூலம் நிறைவேறாமலே முடிந்தது.

நமது தேசிய அடையாள அட்டையையும் சற்று நோக்குக. பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஆகவே பெயரை மாற்றியவரின் பழைய பாலினத்தைப் பழைய இலக்கமே சொல்லிவிடும். வங்கியிலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் அவர் தம் வாழ்க்கைக் கதையைக் கூற நேர்கிறது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 இல் கூடிய நிபுணர்கள் 29 கோட்பாடுகளை வகுத்து, மறு ஆண்டில் வெளியிட்டனர். சமூகப் பாதுகாப்பும் வீடும் சுகாதாரமும் அவற்றில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. மேலே கண்ட வரலாறும் அதே நெறிகளைத்தான் கற்பிக்கின்றது. தனி ஒருவரை, குடும்பத்தின் சாட்சி கோராமல் சேவைக்கு உரியவராக ஏற்றல் முதலாவது. அவர் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்புதல் இரண்டாவது. சேவைக்குத் தேவையற்றதைக் கேளாதிருத்தலும், கேட்டதை வெளியே விடாதிருத்தலும் மூன்றாவது. திட்டமிடும் மேசையில் அவர்களையும் அமர்த்துதல் நான்காவது.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஆனால் குற்றமாக்கும் சட்டம் ஏட்டில் உள்ளவரை, உதவி தேவைப்படுவோர் அலுவலகப் படியேறவே அஞ்சுவர். அடுத்த வெள்ளமோ புயலோ வரும்போது பட்டியல் தயாரிக்கப்போகும் கிராம அலுவலர் எவரை எழுதுவார், எவரை விடுவார் என்பது, அமைதியான காலத்தில் நாம் அச்சிட்டு வைக்கும் படிவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.