பொழுது கண்டு வாழ்தல்: கெடாத் தோட்டத் தமிழரின் பருவ வரலாறு

மலேசியாவில் பருவங்கள் இல்லை, வெயிலும் மழையும் ஆண்டு முழுதும் மாறி மாறி வருவன என்று வகுப்பறையில் சொல்லிப் பழகியிருக்கிறோம். தீபகற்பத்தின் தென்பகுதிக்கு இக்கூற்று ஓரளவு பொருந்தலாம், கெடாவுக்குப் பொருந்தாது. வடகிழக்குப் பருவக்காற்று தித்திவாங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே மழையைக் கொட்டிவிட்டு, மேற்கே வருகையில் வறண்டுவிடுகிறது. ஆதலால் கெடாவிலும் பெர்லிசிலும் தை, மாசித் திங்கள்கள் தெளிவான வறட்சிக் காலமாக அமைகின்றன. சித்திரை, வைகாசியில் ஒரு மழைக்காலமும், புரட்டாசி, ஐப்பசியில் அதனினும் மிகுந்த மழைக்காலமும் உண்டு.

பருவத்தோடு இயைந்து, விரைவைக் குறைத்து வாழ்தல் இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்தாகும். இதனைப் பேசுவோர் சிலர் பழைய தோட்ட வாழ்வை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவதும் உண்டு. அக்காட்சி எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கெடாவின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் என்னும் ஊரைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரைப்பார். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரத்தையும் இன்றைய கெடாவையும் ஆய்வாளர் பலர் ஒன்றெனக் கொள்வர். மெர்போக் ஆற்றையொட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்துள்ள கோயில் அடித்தளங்கள் இந்நிலம் கடல்வணிகத்தில் பெற்றிருந்த இடத்தை உணர்த்துகின்றன.

அவ்வணிகத்தின் காலக்கணக்கு காற்றினுடையது. சோழமண்டலக் கரையிலிருந்து தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்த கலங்கள், திரும்பிச் செல்ல வடகிழக்குக் காற்றை எதிர்நோக்கின. இடைப்பட்ட திங்கள்களில் வணிகர் துறைமுகங்களில் தங்கினர். வாங்கினர், விற்றனர், வழிபட்டனர். பருவத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'மூசிம்' என்பது அரபு மொழியின் 'மவ்சிம்' என்பதன் வழிவந்தது. பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. காற்றை நோக்கிக் காத்திருந்த மக்கள் கூட்டத்தின் நினைவு இச்சொற்களில் தங்கியிருக்கிறது.

நீராவிக் கப்பல் இக்காத்திருப்பை முடித்துவைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த தொழிலாளர்க்குக் காற்றின் திசை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிசார் ஆளுகைக்கு உட்பட்டது. தொடர்ந்து கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாக அங்கு வந்தோருள் பெரும்பாலோர் தமிழகத்தின் உழவர்களும் உழவுக்கூலிகளும் ஆவர்.

ஒத்துப்போன இரண்டு நாட்காட்டிகள்

வந்தவர்கள் பருவ அறிவையும் உடன் கொண்டுவந்தனர். காவிரிப் படுகையின் சம்பா நெல் ஆடி, ஆவணியில் விதைக்கப்பட்டுத் தையில் அறுவடையாகும். கெடாச் சமவெளியில் மலாய் உழவர் பயிரிட்ட ஒருபோக நெல்லும் ஏறத்தாழ இதே காலத்தில் நடப்பட்டுச் சனவரி, பிப்ரவரியில் அறுக்கப்பட்டது. தோட்டத் தமிழர்க்குச் சொந்த வயல் இல்லை. ஆயினும் அவர்கள் தைப்பொங்கல் வைத்த நாளில் அயலார் வயல்களில் கதிர் முற்றி நின்றது. ஆகவே தமிழர் பிற இடங்களில் நினைவால் காத்துவந்த அறுவடைத் திருநாள், கெடாவில் கண்ணெதிரே கண்ட பருவத்தோடும் பொருந்தியது.

மரமும் உடன்பட்டது. தமிழ் மரபு பெரும்பொழுதை ஆறாகப் பகுக்கும். அவற்றுள் மாசி, பங்குனி பின்பனிக் காலமாகும். இலையுதிர்ந்து தளிர் விடத் தொடங்கும் காலம் அது. பிரேசிலிலிருந்து கொணரப்பட்ட ரப்பர் மரமும் கெடாவில் தை, மாசி வறட்சியில் இலை முழுதும் உதிர்த்துச் சில வாரங்களில் புதுத்தளிர் விடுகிறது. பனி இல்லாத நாட்டில் பின்பனியின் அடையாளத்தை ஓர் அயல்மரம் காட்டி நின்றது.

வைகறையும் பிரட்டும்

இவ்வளவில் நிறுத்தினால் தோட்ட வாழ்வு இயற்கையோடு இயைந்த இனிய வாழ்வாகவே தோன்றும். சிறுபொழுதையும் கூலிக்கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது காட்சி மாறுகிறது.

தொல்காப்பியம் வைகறையை மருதத் திணைக்கு உரிய பொழுதாகக் கூறும். தோட்டத்திலும் வைகறையே தலையாய பொழுது. விடியுமுன் மரப்பட்டையினுள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடும்போது அழுத்தம் தணிந்து, பால் ஒழுகுவதும் குறையும். ஆதலால் இருட்டிலேயே பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டது. பெண்கள் அதற்கும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டினர். நிரையில் உள்ள சில நூறு மரங்களைச் சீவி முடித்த பின்னரே பசியாறுதல். அதன்பின் மங்குகளில் நிறைந்த பாலை எடுத்து நிறுவைக்குச் சுமந்து செல்லுதல். மரத்தின் இயல்பு வைகறையை விதித்தது. அதனை மணியடித்துக் கட்டளையாக்கியது தோட்ட நிர்வாகம்.

மழையும் இலையுதிர்வும் மரத்துக்கு ஓய்வு தந்தன. பட்டை நனைந்திருந்தால் சீவ இயலாது. சீவிய பின் மழை பெய்தால் பால் நீரோடு வழிந்து வீணாகும். இலையுதிர்ந்து தளிர்க்கும் வாரங்களில் பால் குறையும். மரம் வெட்டாமல் விடுவதும் உண்டு. ஆனால் தொழிலாளி நாட்கூலிக்காரர். வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள் என்பதே நெடுங்கால நடைமுறை. மரம் ஓய்ந்த காலம் அவர் கடைக்காரரிடம் கடன் சொல்லும் காலமாயிற்று. புரட்டாசி, ஐப்பசி மழையை வயலில் வரவேற்ற உழவரின் பேரன், அதே மழையைத் தோட்டத்தில் கவலையோடு பார்த்தார்.

1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் பின்வந்த தொழிலாளர் இயக்கங்களும் மாதச் சம்பளத்தை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். வானிலையால் விளையும் இழப்பைத் தொழிலாளி மட்டும் தாங்கலாகாது என்னும் நீதி அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. பருவத்தைச் சார்ந்திருத்தல் வேறு. பருவத்தைப் போற்றி வாழ்தல் வேறு. பின்னதற்குத் தன் பொழுதின்மீது தனக்கு ஓரளவேனும் உரிமை வேண்டும்.

அவ்வுரிமையைத் தோட்டத் தமிழர் சிறிது சிறிதாக ஈட்டிக்கொண்டனர். லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியும் முருங்கையும் கறிவேப்பிலையும் ஆடுமாடுகளும் பிற்பகலைத் தமதாக்கின. மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடிக் கூழ், தீபாவளி, தைப்பூசம் ஆகியன ஆண்டைத் தமதாக்கின. சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலின் சித்திரா பௌர்ணமி விழா சுற்றுவட்டாரத் தோட்ட மக்களை நகரில் ஒன்றுகூட்டியது. நிர்வாகத்தின் நாட்காட்டியில் இல்லாத நாள்களைத் தம் நாட்காட்டியில் வைத்துக் காத்தமையே அவர்கள் தாமே தெரிந்து வாழ்ந்த பருவ வாழ்வு எனலாம்.

பருவம் மறைந்த முறை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வமைப்பு மூன்று வழிகளில் மாறியது. முதலாவது நீர். 1970இல் மூடாப் பாசனத் திட்டம் செயற்பட்டு, ஏறத்தாழ 96,000 எக்டர் வயலில் இருபோகம் விளையத் தொடங்கியது. அறுவடை இனித் தைக்கு மட்டும் உரியதன்று. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை காவிரிப் படுகையின் பாசனக் காலக்கணக்கை மாற்றியதோடு இது ஒப்பிடத்தக்கது. இரண்டாவது மரம். ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தது. செம்பனைக்கு இலையுதிர் காலம் இல்லை. விளைச்சல் ஏறி இறங்கினும் ஆண்டு முழுதும் குலை வெட்டு நடைபெறும். மூன்றாவது தொழிற்சாலை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் வேலை முறைமாற்றாக இரவும் பகலும் நடக்கிறது. குளிரூட்டிய கூடங்களில் மாசியும் ஐப்பசியும் ஒன்றே. மழைநாளிலும் சம்பளம் உண்டு என்பது பெரும்பேறு. அதனைக் குறைத்து மதிப்பிட்டுப் பழமையைப் புகழ்தல் முறையாகாது. எனினும் பருவத்தோடு சேர்த்து அதற்குரிய சொற்களையும் இழந்து வருகிறோம்.

'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் 'கித்தா' ஆயிற்று. கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' என்பது 'மங்கு' ஆயிற்று. அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பிரட்டு' ஆயிற்று. பால், பட்டை, நிரை, ஒட்டுப்பால் ஆகியன தமிழிலேயே புதுப்பொருள் பெற்றன. கருவிக்கும் நிர்வாகத்துக்கும் அயற்சொல்லை ஏற்ற மக்கள் மரத்தின் உடலையும் பொழுதையும் பெரும்பாலும் தாய்மொழியிலேயே குறித்தனர் என்பது கருதத்தக்கது. இச்சொற்களை இயல்பாக வழங்கிய தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது.

எனவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு பணியை முன்வைக்கிறேன். தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் ஒருவரை அணுகி, சித்திரை முதல் பங்குனி வரை ஒவ்வொரு திங்களிலும் மரம் எவ்வாறு இருந்தது, மழை எவ்வாறு பெய்தது, வீட்டில் என்ன சமைத்தனர், கையில் எவ்வளவு கூலி இருந்தது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். இனிப்பான நினைவோடு கடன்பட்ட மாதத்தையும் கேளுங்கள். ஒரு பள்ளி ஓர் ஆண்டில் பத்துப் பேரின் பன்னிரு திங்களைப் பதிவு செய்தாலும், கெடாத் தமிழரின் பருவ நாட்காட்டி ஒன்று அவர்கள் சொற்களிலேயே உருவாகிவிடும்.