செங்கோட்டைக் கணவாய்க் காற்று

ஆரியங்காவுக்கும் செங்கோட்டைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை தணிந்து ஒரு கணவாய்க்கு வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பங்கைக் கேரளச் சரிவில் கொட்டிவிட்டு, மிச்சச் சாரலோடு இவ்வழியே தென்காசிப் பக்கம் இறங்கும். குற்றாலச் சீசன் என்பது அருவி மட்டுமன்று, இந்தக் காற்றும் சேர்ந்ததே.

இடுக்கில் நுழைவதால்தான் காற்று விரைகிறது என்பது பாதி விளக்கம். மேற்கே கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். கிழக்கே சமவெளி வெயிலில் காய்ந்து காற்றழுத்தம் தாழ்ந்திருக்கும். தள்ளுவது இந்த வேறுபாடு. கணவாயின் குறுகல் அதற்கு மேலும் வேகம் கூட்டுகிறது.

பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் கட்டிய காசி விசுவநாதர் கோயில் இக்காற்றின் பாதையிலேயே நிற்கிறது. சீசனில் கோபுர வாசலைக் கடப்பவரைக் காற்று ஆளையே தள்ளும். சிற்பியின் மறைவித்தை என்று ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. மறைவித்தை எதுவும் தேவையில்லை. உயர்ந்த கட்டடத்தில் காற்று மோதும் முகத்தில் அழுத்தம் ஏறும், மறுமுகத்தில் குறையும்; இரண்டுக்கும் நடுவே திறந்த வழி அடியிலுள்ள வாசல் ஒன்றே. அடுக்குமாடிகளின் தரைத்தளத் திறப்புகளிலும் இதே தொல்லை உண்டு. நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்ற கோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

கணவாய் மனிதருக்கும் வழிதான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியைச்) சேர்ந்திருந்தது. கொல்லம் ரயில் பாதை 1904இல் இந்த மலையைக் குடைந்து வந்தது.

காற்றுக்கு விலை பிறந்தது பின்னர். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் கணவாய்க் காற்று விரிந்து பரவும் கயத்தாறு, ஆலங்குளம், சுரண்டைக் காடுகளில் காற்றாடிகள் பெருகின. மே முதல் செப்டம்பர் வரைதான் அவற்றுக்கு அறுவடை. ஓர் இறக்கையைக் கடந்த காற்று வேகமிழந்து கலங்கிவிடும் என்பதால், அடுத்த காற்றாடியை இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் பல மடங்கு தள்ளியே நட வேண்டும். ஆகவே நல்ல காற்றுள்ள இடம் எண்ணி முடிவது. அங்கே முதலில் நின்றவை குட்டையான, திறன் குறைந்த பழைய இயந்திரங்கள். அவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நிறுத்தத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது.